பட்டியலில் பின்னால் நிற்பவர்



காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறிச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முதல் வளைவில் நிற்பவனுக்கு மலையின் உச்சி தெரியாது. இருபதாம் வளைவிலும் தெரியாது. பாறையும் புதரும் வெயிலுமே தெரியும். மேலே செம்மேட்டைச் சுற்றி வயல்களும், மிளகுக் கொடிகளும், பலா மரங்களும், ஆகாய கங்கை அருவியும் இருப்பதை ஏறி முடித்தவனே அறிவான். அடிவாரத்தில் நின்றுகொண்டு, "இந்த மலையில் ஒன்றும் இல்லை" என்று ஒருவன் தீர்ப்புக் கூறித் திரும்பினால், அவனை நாம் அறிவுடையவன் என்று சொல்லமாட்டோம். ஆனால் மனிதரை அளக்கும்போது நம்மில் பலர் அந்த முதல் வளைவிலேயே நின்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

பள்ளியின் விளம்பரப் பலகையில் கால்பந்துக் குழுவின் பட்டியலை ஒட்டுகிறார்கள். முதலில் 11 பெயர்கள். அவற்றின் கீழே ஒரு கோடு. கோட்டிற்குக் கீழே மாற்று ஆட்டக்காரர்கள் நால்வர் அல்லது ஐவர். கோட்டிற்கு மேலே பெயருள்ளவன் தலைநிமிர்ந்து நடக்கிறான். கீழே பெயருள்ளவன் முகம் வாடுகிறான். அவன் வாடுவது இயல்பே. ஆனால் அன்று மாலைக்குள் பள்ளி முழுவதும் அவனை 'இரண்டாந்தரம்' என்று முடிவுகட்டிவிடுகிறது. நாளடைவில் அவனும் அதை நம்பிவிடுகிறான். அந்த நம்பிக்கையால் ஒரு நல்ல ஆட்டக்காரனை நாம் இழந்துவிடக்கூடும். பட்டியலில் ஒருவர் நிற்கும் இடத்தைக் கொண்டு அவர் தகுதியை விரைந்து முடிவு செய்வது ஏன் தவறு என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில், பட்டியல் என்பது யாது? அமெரிக்கக் கால்பந்து என்று ஒரு ஆட்டம் உண்டு. அது நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்தைக் கையால் எறிவதும், ஏந்தி ஓடுவதும், எதிரியை முட்டித் தடுப்பதும் அதில் உண்டு. அங்கே ஒவ்வொரு குழுவும் ஒவ்வோர் இடத்திற்கும் முதலாமவர் யார், இரண்டாமவர் யார், மூன்றாமவர் யார் என்று எழுதி வைத்திருக்கும். முதலாமவர் காயமுற்றால் இரண்டாமவர் இறங்குவார். பயிற்சியாளருக்கு இது இன்றியமையாத கருவி. ஆனால் இந்தப் பட்டியல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்கிறது: "வருகின்ற ஆட்டத்தில் யாரை இறக்குவது?" என்பதே அக்கேள்வி. "இவர் எத்தகைய ஆட்டக்காரர்? நாளை எத்தகையவர் ஆவார்?" என்ற கேள்விகளை அது கேட்கவே இல்லை. கேளாத கேள்விக்கு நாம் அதனிடமிருந்து விடை எடுத்துக்கொள்கிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

டாம் பிரேடி என்பவரை நியூ இங்கிலாந்துக் குழு 2000ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்தது. நாடு முழுவதிலும் இருந்து வீரர்களை வரிசையாக எடுத்தபோது அவர் பெயர் 199ஆவது இடத்தில்தான் வந்தது. ஆட்டத்தை நடத்துகின்ற குவார்ட்டர்பேக் என்னும் இடத்திற்கு அந்தக் குழுவில் அவர் முதலாண்டில் நான்காமவர். 2001 செப்டம்பரில் முதல் ஆட்டக்காரரான ட்ரூ பிளெட்சோ காயமுற்றார். பிரேடி களம் புகுந்தார். அந்தப் பருவத்தின் முடிவில், 2002 பிப்ரவரியில், அவர் குழு நாட்டின் முதற்பரிசை வென்றது. அத்தகைய முதற்பரிசை அவர் தம் ஆட்ட வாழ்வில் 7 முறை பெற்றார். அவரை 198 பேருக்குப் பின் நிறுத்தியவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். ஆட்டத்தை நுணுகிக் கற்றவர்கள். அவர்களுக்கே அந்த அளவுகோல் பொய்த்தது.

அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டம் 1997இல் தனியாகப் பிரியும் வரை அது சேலம் மாவட்டமாகவே இருந்தது. அந்தச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில், மலையிலிருந்து வடமேற்கே, 1991இல் பிறந்தவர் நடராஜன். தந்தை நெசவுத் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் சிறுகடை நடத்தியவர். இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தைக் கொண்டு ஊர்த் திடல்களில் ஆடும் கிரிக்கெட்டே. தோற்பந்தைக் கையிலெடுத்துச் சென்னைக்கு வந்தபோது, அவர் வயதினர் பலர் பத்தாண்டுப் பயிற்சி முடித்திருந்தனர்.

2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக் குழுவுக்காக ரஞ்சிக் கோப்பையில் அவர் முதன்முதல் பந்து வீசினார். உடனேயே அவர் கை வீசும் முறை விதிக்கு ஒத்ததா என்ற ஐயம் எழுந்தது. அவர் விலகி நின்று, தம் வீச்சு முறையைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2017இல் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாபுக் குழு 3 கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது. அவ்வாண்டு 6 ஆட்டங்களில் அவர் வீழ்த்தியவை 2 விக்கெட்டுகள். அடுத்த ஆண்டு ஐதராபாத்துக் குழு அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018இலும் 2019இலும் அவருக்கு அங்கே ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. அந்நாளில் பட்டியலை மட்டும் நோக்கிய ஒருவர், "இவர் கதை முடிந்தது" என்றே எழுதியிருப்பார். எண்கள் அப்படித்தான் சொல்லின. 3 கோடி 40 லட்சமாயிற்று. 40 லட்சம் பெஞ்சில் அமர்ந்தது.

2020இல் வாய்ப்பு வந்தது. 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். மட்டையாளரின் காலடியில் விழுகின்ற யார்க்கர் பந்தை நினைத்த போதெல்லாம் வீசக்கூடியவர் என்ற பெயர் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் இந்தியக் குழு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது அவரும் உடன் சென்றார். எப்படிச் சென்றார் என்பதைக் கவனியுங்கள். குழுவின் ஆட்டக்காரராக அன்று. வலைப்பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து வீசிக் கொடுக்கும் துணைப் பந்துவீச்சாளர் நால்வரில் ஒருவராகவே அவர் பெயர் முதலில் அறிவிக்கப்பட்டது. மாற்று ஆட்டக்காரருக்கும் கீழ்ப்பட்ட வரிசை அது.

பின்னர் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்றனர். தோள் காயத்தால் ஒருவர் விலக, இருபது ஓவர்க் குழுவில் நடராஜன் சேர்ந்தார். முதுகு வலியால் மற்றொருவர் ஐயத்துக்கு இடமாக, ஒருநாள் ஆட்டக் குழுவிலும் சேர்ந்தார். 2020 டிசம்பர் 2ஆம் நாள் கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம். டிசம்பர் 4ஆம் நாள் அதே ஊரில் முதல் இருபது ஓவர் ஆட்டம், அதில் 3 விக்கெட்டுகள். 2021 ஜனவரி 15ஆம் நாள் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம். மூவகை ஆட்டத்திலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர் அவரே.

அந்தப் பிரிஸ்பேன் ஆட்டத்தைச் சற்று விரிவாகக் காண்போம். நம் பொருளுக்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. பும்ரா, அசுவின், சடேஜா, ஷமி, உமேஷ் யாதவ் ஆகிய முதல் வரிசைப் பந்துவீச்சாளர் அனைவரும் காயமுற்று விலகியிருந்தனர். எஞ்சியவர் ஐவர். அந்த ஐவரும் அதற்கு முன் ஆடியிருந்த டெஸ்ட் ஆட்டங்களை ஒன்றாகக் கூட்டினால் வருவது 4. எதிரே ஆஸ்திரேலியாவின் நான்கு பந்துவீச்சாளர்கள் தமக்குள் 1000 விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர்கள். அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா 1988க்குப் பின் டெஸ்ட் ஆட்டம் எதிலும் தோற்றதில்லை.

சென்னையைச் சேர்ந்த வாஷிங்டன் சுந்தருக்கும் அதுவே முதல் டெஸ்ட். இருபது ஓவர் ஆட்டங்கள் முடிந்தபின் வலையில் பந்து வீசுவதற்காகத் தங்கவைக்கப்பட்டவர் அவர். மூன்றாண்டுகளுக்கு மேலாக முதல்தர ஆட்டம் எதுவும் அவர் ஆடியிருக்கவில்லை. முதல் ஆட்டத்தில் நடராஜன் 3 விக்கெட், சுந்தர் 3 விக்கெட், ஷர்துல் தாக்கூர் 3 விக்கெட் வீழ்த்தினர். இந்தியா 6 விக்கெட்டுகளை இழந்து 186 ஓட்டங்களில் தடுமாறி நின்றபோது, சுந்தரும் தாக்கூரும் கூடி 123 ஓட்டங்கள் சேர்த்தனர். சுந்தர் 62, தாக்கூர் 67. இரண்டாம் ஆட்டத்தில் முகமது சிராஜ் 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஜனவரி 19ஆம் நாள், 328 ஓட்டங்கள் என்ற இலக்கை 7 விக்கெட் இழப்பில் கடந்து இந்தியா வென்றது. தொடரும் நம் வசமாயிற்று. நான்கு டெஸ்ட் ஆட்டங்களுக்கு இந்தியா 20 பேரைக் களமிறக்க நேர்ந்தது. இருபதாமவரும் பயன்பட்டார்.

இனி, பட்டியல் நம்மை ஏமாற்றுவது எப்படி என்று ஆராய்வோம். காரணங்கள் நான்கு.

முதற்காரணம் கணக்கைச் சார்ந்தது. சில ஆட்டங்களைக் கொண்டு ஒருவரை அளக்க முடியாது. கோலை நோக்கி உதைக்கும் ஐந்து பந்துகளில் சராசரி ஒன்றைக் கோலாக்கும் ஒருவனை நல்ல ஆட்டக்காரன் என்று கொள்வோம். பத்தில் ஒன்றை மட்டும் கோலாக்குபவன் அவனில் தாழ்ந்தவன். இருவருக்கும் ஐந்து உதைகள் கொடுத்துப் பார்க்கிறோம். நல்லவன் ஓர் உதையைத் தவறவிடும் வாய்ப்பு ஐந்தில் நான்கு. ஐந்தையும் தவறவிடும் வாய்ப்பைக் காண அந்தப் பின்னத்தை ஐந்து முறை பெருக்கவேண்டும். பெருக்கினால் நூற்றுக்கு ஏறத்தாழ 33 வரும். அதாவது, நல்ல ஆட்டக்காரர் 100 பேரைச் சோதித்தால் 33 பேர் ஒரு கோலும் போடாமல் திரும்புவர். தாழ்ந்தவர் 100 பேரைச் சோதித்தால் அவர்களுள் 41 பேர் ஒரு கோலாவது போட்டுவிடுவர். இந்த ஐந்து உதைகளைக் கண்டு பட்டியல் எழுதினால், நல்லவர் பலர் கோட்டிற்குக் கீழேயும் தாழ்ந்தவர் பலர் கோட்டிற்கு மேலேயும் போவது உறுதி. இதில் பயிற்சியாளரின் வஞ்சகம் ஏதும் இல்லை. உதைகளின் எண்ணிக்கை போதாது என்பதே குறை. அதே நல்லவனுக்கு 50 உதைகள் கொடுத்துப் பாருங்கள். ஒரு கோலும் இல்லாமல் திரும்பும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று அல்லது இரண்டாகக் குறைந்துவிடும். நடராஜனை 2017இல் 6 ஆட்டங்களைக் கொண்டு அளந்தவர்கள் செய்த பிழை இதுவே.

இரண்டாம் காரணம்: பட்டியல் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. முதலாமவனுக்குக் களத்தில் 90 நிமிடம். மாற்று ஆட்டக்காரனுக்கு 9 நிமிடம். ஓராண்டு கழிந்தால் முதலாமவன் மேலும் தேர்ந்திருப்பான். மற்றவன் நின்ற இடத்திலேயே நிற்பான். அப்போது, "பார்த்தீர்களா, நாம் அன்றே சொன்னோம்!" என்கிறோம். செடிக்கு நீர் ஊற்றாமல் விட்டு, வாடியபின் அதன் வித்தைக் குறை சொல்வது போன்றது இது.

மூன்றாம் காரணம் வயது. குழந்தைகளை ஆண்டுவாரியாகப் பிரித்துத் தேர்ந்தெடுக்கிறோம். ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் இருப்பர். 11 வயதில் 11 மாத வேறுபாடு சிறிதன்று. மூத்தவன் உயரமாகவும் வலிமையாகவும் இருப்பான். கானடா நாட்டின் இளைஞர் பனிவளைகோல் குழுக்களை ஆராய்ந்த ராஜர் பார்ன்சிலி என்னும் உளவியல் அறிஞர், அவற்றில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் மிகுதியாகவும் கடைசி மாதங்களில் பிறந்தோர் குறைவாகவும் இருப்பதை 1985இல் எடுத்துக்காட்டினார். பின்னர் கால்பந்திலும் இதே நிலை கண்டறியப்பட்டது. திறமை என்று நாம் தேர்ந்தெடுத்ததில் ஒரு பகுதி பிறந்த மாதமே. சில மாதம் பிந்திப் பிறந்தவனையும், சில ஆண்டு பிந்திப் பயிற்சி தொடங்கிய மலைக்கிராமத்துச் சிறுவனையும் சிறுமியையும் அதே கோலால் அளப்பது முறையாகாது.

நான்காம் காரணம்: ஆள் தவறாக இல்லாமல், இடம் தவறாக இருக்கலாம். பீட்டர் தங்கராஜ் 1953இல் இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியில் வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்டு மையக் குழுவில் கால்பந்து ஆடினார். தொடக்கத்தில் அவர் ஆடிய இடம் சென்டர் பார்வார்டு. பின்னர் கோல் காப்பவராக மாறினார். அந்தக் குழு 1955இலும் 1958இலும் டூராண்டு கோப்பையை வென்றது. தங்கராஜ் இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்றார். ஆசியாவின் தலைசிறந்த கோல் காப்பவருள் ஒருவராக எண்ணப்பட்டார். 1962 செப்டம்பர் 4ஆம் நாள் ஜக்கார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்றது. அன்று கோலைக் காத்தவர் இந்தப் பழைய முன்னாட்டக்காரர். அதே ஆட்டத்தில் ஒரு கோலைப் போட்டவர் ஜர்னைல் சிங். அவரோ பின்களத் தடுப்பாளர். தலையில் பட்ட காயத்துக்குத் தையலிட்டிருந்த அவரைப் பயிற்சியாளர் ரகீம் முன்களத்தில் நிறுத்தினார். முன்னவரைப் பின்னும் பின்னவரை முன்னும் நிறுத்திய அந்தக் குழு தங்கப் பதக்கம் பெற்றது. அதுவரை எழுதிய பட்டியலே இறுதி என்று யாரேனும் எண்ணியிருந்தால் இது நடந்திராது.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் பெஞ்சில் அமர்ந்தோர் எல்லாரும் மறைந்திருக்கும் மாமேதைகளா?" என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. விடை, அல்ல என்பதே. வென்ற மாற்று ஆட்டக்காரரை உலகம் நினைவில் வைக்கிறது. இறங்கித் தோற்றவரை மறந்துவிடுகிறது. ஆகையால் நம் காதில் விழும் கதைகள் எல்லாம் வெற்றிக் கதைகளாகவே இருக்கின்றன. பல வேளைகளில் பட்டியல் சரியாகவே இருக்கும். நடராஜனுக்கும் வாழ்வு அதன்பின் நேர்க்கோடாகச் செல்லவில்லை. 2021இலேயே முழங்காலில் அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. நான் கூறுவது பட்டியலைக் கிழித்தெறியுங்கள் என்பதன்று. அதைப் பென்சிலால் எழுதுங்கள் என்பதே.

கோட்டிற்கு மேலே இருப்பவரும் இதை மறக்கலாகாது. 1966இல் இங்கிலாந்தின் தலைசிறந்த கோல் வீரர் ஜிம்மி கிரீவ்ஸ். உலகக் கோப்பையில் பிரான்சுடன் ஆடியபோது அவர் காலில் காயம்பட்டது. அவர் இடத்தில் இறங்கிய ஜெஃப் ஹர்ஸ்ட் தம் நாட்டுக்காக முதன்முதல் ஆடி ஐந்து மாதமே ஆகியிருந்தது. காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக வந்த ஒரே கோல் அவருடையது. ஜூலை 30ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 3 கோல் போட்டார். இங்கிலாந்து 4-2 என்று வென்றது. கிரீவ்ஸ் அமர்ந்து பார்த்தார். ஆட்டத்தின் இடையில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி உலகக் கோப்பையில் 1970இல்தான் வந்தது. ஆதலின் தொடக்கத்தில் பெயரில்லாதவருக்கு அன்று வழியே இல்லை. அக்காலத்தில் பதக்கமும் களத்தில் ஆடிய 11 பேருக்கே. கிரீவ்ஸ் உள்ளிட்ட மற்றவர்களுக்கு அப்பதக்கம் 2009இல் வழங்கப்பட்டது. 43 ஆண்டு கழித்து, அந்தக் குழு 11 பேரால் மட்டும் ஆனதன்று என்று கால்பந்து உலகம் ஒப்புக்கொண்டது.

இந்த உண்மை விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. கொல்லிமலை உழவர்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைத்தவர்கள். மரவள்ளிக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் அவை பின்வரிசைக்குப் போயின. ஏழைகளின் தானியம் என்றும் பேசப்பட்டன. ஆனால் சில குடும்பங்கள் அவற்றின் விதையைக் கைவிடவில்லை. அறிஞர் சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் அவர்களோடு சேர்ந்து அவ்விதைகளைப் பேணிற்று. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் மன்றம் கொண்டாடியது. கோட்டிற்குக் கீழே எழுதப்பட்ட பெயரை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

ஆகையால் மாணவர்களே, குழுவைத் தேர்ந்தெடுக்கும் தலைவனாக நீங்கள் இருந்தால், ஓர் ஆட்டத்தைக் கண்டு ஒருவனை ஒதுக்காதீர்கள். பலமுறை பாருங்கள், வேறு இடத்தில் நிறுத்தியும் பாருங்கள். தோழனாக இருந்தால், பெஞ்சில் இருப்பவனுக்கு நீங்கள் வைக்கும் பெயர் அவன் கால்களில் கட்டும் கல் என்பதை உணருங்கள். நீங்களே அந்தப் பெஞ்சில் இருப்பவரானால், வாய்ப்பு வரும் நாளை நீங்கள் குறிக்க முடியாது. அந்நாளில் ஆயத்தமாக இருப்பது மட்டுமே உங்கள் கையில் உள்ளது. வலையில் பந்து வீசிக்கொண்டிருந்தவர்கள் பிரிஸ்பேனில் வென்றது, வலையிலும் அவர்கள் ஆட்டமாகவே எண்ணி வீசியதால்தான்.

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் புலவர் வன்பரணர் காட்டில் கண்டபோது, அவன் யார் என்று அவருக்குத் தெரியாது. வேட்டைக்கு வந்த வில்லாளி ஒருவனாகவே அவன் தோன்றினான். ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் கடந்து உடும்பில் சென்று தைத்ததைப் பார்த்தபின்தான் அவன் பெருமையை அவர் உணர்ந்தார் என்று புறநானூற்றின் 152ஆம் பாட்டால் அறிகிறோம். செம்மேட்டில் இன்றும் அவ்வோரிக்குச் சிலை நிற்கிறது. ஆடி மாதத்து விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. பெயரைக் கேட்கும் முன்பே புலவர் அம்பின் தொழிலைப் பார்த்தார். அவரைப் போல நாமும் முதலில் பார்ப்போம். தீர்ப்பைச் சற்றுப் பொறுத்துக் கூறுவோம்.